வானத்தைப் பற்றிச் செய்தி வந்தால் என்னிடம் வரும் கேள்விகள்

கடலோர ஊர் ஒன்றில் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ராக்கெட், சிறுகோள், சூரியப் புயல் என்று ஏதாவது செய்தி வந்த மறுநாள் வகுப்பில், டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வரும். செய்தி மாறினாலும் கேள்வி பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நடந்ததையும் கணக்கையும் சொல்லும்போது என் கருத்தையும் சொல்லியிருக்கிறேன். கருத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இத்தனை பேர் சோற்றுக்குக் கஷ்டப்படும்போது நிலவுக்கு ராக்கெட் எதற்கு, சார்?

இந்தக் கேள்வி கேட்பவரை நான் ஒருநாளும் மடக்கிப் பேசியதில்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பது நியாயம். முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024-25 மத்திய பட்ஜெட் சுமார் 48 லட்சம் கோடி ரூபாய். அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி. அதாவது 100 ரூபாயில் 27 பைசா. சந்திரயான்-3 திட்டம் முழுவதற்குமான செலவு சுமார் 615 கோடி. அந்த 27 பைசாவை நிறுத்திவிட்டால் பசி தீர்ந்துவிடாது.

ஆனால் இது பாதிப் பதில்தான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி நிலவுக்குப் போவதே இல்லை என்பதுதான் மீதி. வானிலை பார்க்கும் செயற்கைக்கோள், கடலைப் பார்க்கும் செயற்கைக்கோள், தொலைத்தொடர்புக் கோள், அவற்றை ஏற்றும் ராக்கெட் என்றுதான் அதிகம் செலவாகிறது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே கடற்கரைக்கு பைலின் புயல் வந்தபோது இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இதற்குச் செயற்கைக்கோள் மட்டும் காரணமில்லை. பாதுகாப்பு முகாம்கள் கட்டினார்கள், லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஆனால் எந்த ஊரிலிருந்து, எப்போது வெளியேற்றுவது என்று சொல்ல மேலே ஒரு கண் வேண்டியிருந்தது.

அப்படியென்றால் ஒக்கி புயலில் ஏன் அத்தனை பேரை இழந்தோம்?

கன்னியாகுமரிப் பக்கத்து மாணவன் ஒருவன் கேட்டது. பதில் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

2017 நவம்பர் 30. குமரிக் கடலுக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது மிக வேகமாகப் புயலாக வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் கரையை விட்டுப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. கரையிலிருந்து சில மைல் போனாலே செல்போன் சிக்னல் போய்விடும். படகில் இருக்கும் விஎச்எஃப் வானொலிக் கருவியும் அத்தனை தூரம் எட்டாது. மேலிருந்து செயற்கைக்கோள் புயலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது பார்த்ததைப் படகில் இருந்தவரின் காதில் போட வழி இல்லை.

விண்வெளிச் செய்தி எதைப் படித்தாலும் எனக்கு இந்தப் புயல் நினைவுக்கு வருகிறது. மேலே ஒரு கருவி இருப்பதும், அதனால் கீழே ஒருவர் பிழைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்கு நாம் கொடுக்கும் கவனம் போதாது.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு திட்டம் போட்டது. செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகக் கரையிலிருந்து செய்தி போகும். படகிலிருந்தும் ஆபத்துச் செய்தி அனுப்பலாம். உங்கள் வீட்டில் யாராவது தங்கு தொழிலுக்குப் போகிறார்கள் என்றால், படகில் அந்தக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தால் சண்டை போடுங்கள்.

செயற்கைக்கோள் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுமாமே?

மீனைக் காட்டாது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், நுண்ணிய பாசியால் தண்ணீரின் நிறம் மாறுவதையும் காட்டும். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் ஓரத்தில் பாசி சேரும். பாசி இருக்கும் இடத்தில் சிறுமீன் சேரும், சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதைக் கணித்துத் தகவல் கொடுக்கிறது. நீரின் நிறத்தையும் பறவை விழும் இடத்தையும் பார்த்து வலை வீசிய பெரியவர்கள் படித்ததும் இதே ஓரத்தைத்தான். அவர்கள் அறிவு தவறு என்று இந்த மையம் சொல்லவில்லை. அதே அறிவை இன்னும் உயரத்திலிருந்து பார்க்கிறது.

சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்தில் இறங்கியது என்பது சரியா?

'தென் துருவப் பகுதியில்' என்றால் சரி. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி தாண்டி அதன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடம் ஏறக்குறைய 69 டிகிரி தெற்கு. துருவம் என்பது 90 டிகிரி. அதற்கு முன் யாரும் அத்தனை தெற்கே பத்திரமாக இறங்கியதில்லை என்பது உண்மையான பெருமை. நான்கு நாள் முன்புதான் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியிருந்தது. இவ்வளவு பெரிய உண்மை கையில் இருக்கும்போது துருவத்தின் உச்சியிலேயே இறங்கிவிட்டது போல எழுதுவானேன் என்று எனக்கு வருத்தம்.

2019-ல் விழுந்தது 2023-ல் எப்படி நின்றது?

இந்தக் கேள்விக்காகவே ஒரு முழு வகுப்பு எடுப்பேன். வெற்றியைவிட இதில் பாடம் அதிகம்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் தொடர்பை இழந்தது. காரணத்தை 2023-ல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் விளக்கினார். வேகத்தைக் குறைக்க வைத்திருந்த ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்தன. அதனால் கணக்கில் பிசகு சேர்ந்துகொண்டே போனது. அதைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் அத்தனை வேகமாகத் திரும்ப மென்பொருளில் வரம்பு வைத்திருந்தார்கள். மூன்றாவதாக, இறங்க வேண்டிய இடம் என்று குறித்துக் கொடுத்தது 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். தரை நெருங்கிய பிறகும் கலம் அந்தச் சின்னச் சதுரத்தை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை என்ன செய்தார்கள்? எதெல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்று பட்டியல் போடாமல், எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள், வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். பரீட்சையில் போன தடவை எந்தக் கணக்கில் கோட்டைவிட்டோம் என்று விடைத்தாளை விரித்து வைத்துப் பார்ப்பதைப் போன்ற வேலை இது. என் மாணவர்களில் பலர் விடைத்தாளில் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. சொல்லப்போனால் மண்தான் பங்கு. நிலவின் மேட்டு நிலத்தில் உள்ள அனார்த்தோசைட் என்ற பாறை வகை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் அதை அடையாளம் காண உதவினார்கள். அந்தப் பாறையைப் பொடித்துத்தான் நிலவின் மண் போன்ற தரையை உண்டாக்கிச் சோதனை செய்தார்கள்.

பதினான்கு நாளில் செத்துப்போன கருவிக்கு இத்தனை கொண்டாட்டமா?

நிலவில் ஒரு பகல் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நாள். அந்த ஒரு பகலுக்காகத்தான் அதைச் செய்தார்கள். இரவில் வெப்பநிலை மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போகும், பேட்டரி தாங்காது. சூரியன் மீண்டும் உதித்தபோது விழித்தால் லாபம் என்று காத்திருந்தார்கள். விழிக்கவில்லை.

அந்த ஒரு பகலில் பிரக்யான் என்ற சக்கர வண்டி 100 மீட்டருக்கு மேல் ஊர்ந்தது, மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. எனக்குப் பிடித்தது வேறொன்று. தரையில் ஒரு குச்சி போன்ற வெப்பமானியைச் செருகினார்கள். மேற்பரப்பில் 50 டிகிரி அளவில் இருந்த வெப்பம், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. நம் கடற்கரையில் உச்சி வெயிலில் மணலில் நடந்தால் கால் பொத்துப்போகும். பாதத்தைக் கொஞ்சம் உள்ளே புதைத்தால் குளிர்ச்சி. அதே காரியம்தான். அங்கே காற்றும் இல்லை, ஈரமும் இல்லை, மண் துகள்கள் ஒன்றையொன்று அரைகுறையாகத்தான் தொடுகின்றன. அதனால் சூடு கீழே இறங்குவதே இல்லை. நாளைக்கு நிலவில் மனிதர் தங்குவதென்றால் வீட்டை மண்ணால் மூட வேண்டும் என்று சொல்கிறார்களே, அதற்கு இந்த 8 சென்டிமீட்டர் ஒரு சாட்சி.

2032-ல் சிறுகோள் பூமி மேல் மோதும் என்றார்களே? வாய்ப்பு கூடிக்கொண்டே போய் திடீரென்று ஒன்றுமில்லை என்றார்கள். எதையாவது மறைக்கிறார்களா?

இல்லை. இது புரிந்துவிட்டால் பாதி அறிவியல் செய்திகள் புரிந்துவிடும் என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 27-ல் சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு சிறுகோளைக் கண்டது. பெயர் 2024 ஒய்ஆர்4. அகலம் சுமார் 60 மீட்டர். 2032 டிசம்பர் 22-ல் அது பூமியில் மோத ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று ஜனவரி கடைசியில் கணக்கு வந்தது. பிப்ரவரி 18-ல் 3.1 சதவீதம் ஆனது. அடுத்த சில நாளில் சரசரவென்று இறங்கி, 24-ஆம் தேதி 0.004 சதவீதம்.

நமக்குத் தெரிந்த புயலை எடுத்துக்கொள்வோம். வங்கக்கடலில் புயல். ஐந்து நாள் முன்பு, நாகப்பட்டினத்துக்கும் நெல்லூருக்கும் இடையே எங்காவது கரையைக் கடக்கும் என்கிறார்கள். சென்னை அந்த நீண்ட கரையில் ஒரு சின்னத் துண்டு, ஆகவே வாய்ப்புக் குறைவு. மூன்று நாள் முன்பு, புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே என்கிறார்கள். கரை சுருங்கிவிட்டது, சென்னை இன்னும் அதற்குள் இருக்கிறது. சென்னைக்கான வாய்ப்பு இப்போது கூடிவிட்டது. புயல் சென்னையை நோக்கித் திரும்பவில்லை, நம் அறியாமைதான் சுருங்கியிருக்கிறது. அடுத்த நாள் புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே என்று சொன்ன மாத்திரத்தில் சென்னையின் வாய்ப்பு விழுந்துவிடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நாம் எல்லோரும் இப்படித்தான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிறுகோளுக்கும் இதே கதை. சில வாரம் மட்டும் பார்த்த ஒரு பொருள் எட்டு ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று கோடு போட்டால் அந்தக் கோடு பல லட்சம் கிலோமீட்டர் நீளும். அதில் பூமி ஒரு புள்ளி. ஒவ்வொரு இரவும் கூடுதலாகப் பார்க்கும்போது கோடு சுருங்கும். பூமி கோட்டுக்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறும், வெளியே வந்துவிட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும். 2004 டிசம்பரிலும் அப்போஃபிஸ் என்ற சிறுகோளுக்கு இப்படி 2.7 சதவீதம் வரை ஏறி இறங்கியது. அது 2029 ஏப்ரல் 13-ல் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் பத்திரமாகக் கடந்துபோகும்.

என் கருத்து: 3.1 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்ட தலைப்புகள் 0.004-ஐயும் அதே எழுத்தில் போட்டிருக்க வேண்டும். பயந்தவருக்குப் பயம் தெளிந்த செய்தி கிடைக்காமல் போவது அநியாயம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, '2032-ல் நான் காலேஜ் முடித்திருப்பேனா, சார்?' என்று கேட்டாள். செய்தி அந்தப் பிள்ளை வரை போகிறது.

ஒருவேளை வேறு ஒன்று உண்மையிலேயே வந்தால்?

முன்கூட்டியே தெரிந்தால் லேசாகத் தள்ளிவிட்டால் போதும். 2022 செப்டம்பர் 26-ல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சின்னச் சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய துணையைச் சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, மோதிய பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. தெரியாமல் வருவதுதான் சிக்கல். 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. காயம்பட்ட ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிதான் குத்தியது. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள், அதிர்வலை பின்னால் வந்தது. வானத்தில் அப்படி ஒரு வெளிச்சம் கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள். இடிக்கும் மின்னலுக்கும் நாம் எண்ணும் அதே இடைவெளிதான் இங்கேயும்.

இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் வருகிறதாம். போனை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டுமாமே?

ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தச் செய்தி வருகிறது. காஸ்மிக் கதிர்கள் விண்வெளியிலிருந்து எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, தேதி பார்த்து வருவதில்லை. அவை காற்றில் மோதி உண்டாகும் மியூயான் என்ற துகள் உங்கள் உள்ளங்கை வழியாக ஏறக்குறைய வினாடிக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கும்போதும் போகிறது. போன் பக்கத்தில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூக்கம் கெடாமலிருக்கப் போனைத் தள்ளி வைத்தால் நல்லது, அது வேறு விஷயம்.

இந்த மியூயான்களை எண்ணும் வேலையைச் செய்ய ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துவது. இடிமேகம் கடந்து போகும்போது மியூயான் எண்ணிக்கை மாறுவதை வைத்து, 2014 டிசம்பரில் அங்கே ஒரு மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டு மலையில் நடந்த இந்த வேலையைப் பற்றி எந்தக் குழுவிலும் எனக்கு ஒரு செய்திகூட வந்ததில்லை.

சூரியப் புயல் வந்தால் இணையம் போய்விடுமா?

சூரியன் வீசியெறியும் மின்னூட்டத் துகள்களால் வரும் சூரியப் புயல் நிஜம், போனை அணைக்கும் கதை போல அல்ல. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்குச் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் போனது. 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலிலேயே வளிமண்டலத்தின் மேலடுக்கு உப்பி, புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் நாற்பது வரை விழுந்தன. 2024 மே 10, 11-ல் இருபது ஆண்டுகளில் வராத அளவு பெரிய புயல் வந்தது, லடாக்கின் ஹான்லேயில்கூட துருவ ஒளியால் வானம் சிவந்தது. நமக்கு இணையம் போகவில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பவர்களுக்குத் தரையில் பாதிப்புக் குறைவு. செயற்கைக்கோளுக்கு அந்தச் சலுகை இல்லை, அதனால்தான் சூரியனைக் கவனிக்கும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 காவலுக்கு நிற்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 2024 ஜனவரி 6 முதல் அங்கே சுற்றி வருகிறது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் என்ற அறிவியலாளர் 1909-ல் கண்டது அங்கேதான்.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று வினாடி நின்றுவிடுகிறதாமே? நாசாவே வியந்ததாம்?

நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. தாழ்வாகச் சுற்றும் கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை நிறுத்திப் பாருங்கள். சில கோள்கள் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிவதும் உண்மைதான், ஆனால் அவை எல்லாம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் இருக்க முடியும். அதனால்தான் நம் வீட்டு டிஷ் எல்லாம் தெற்குப் பக்கமாக அண்ணாந்து பார்க்கிறது. திருநள்ளாறு இருப்பது 11 டிகிரி வடக்கே.

சனிக்கிழமை விரதம் இருக்கும் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. நளதீர்த்தத்தில் குளித்து எழும்போது வரும் நிம்மதிக்கு நாசா சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். பக்தியைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொய்யைக் கொண்டுவந்து நிறுத்துவது பக்திக்குத்தான் மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

தீபாவளி இரவில் இந்தியா என்று நாசா எடுத்ததாகச் சுற்றும் படம் உண்மையா?

தீபாவளியில் எடுத்ததல்ல. பல ஆண்டுகளின் இரவு வெளிச்சத்தை, ஆண்டுக்கு ஒரு நிறமாக அடுக்கி, நகரங்கள் எப்படி வளர்ந்தன என்று காட்டிய படம். நாசா 2012-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது.

குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம்? ஸ்ரீஹரிகோட்டா போதாதா?

வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் எல்லா இடத்தையும் பார்க்க வேண்டிய செயற்கைக்கோள் வடக்கு தெற்காகச் சுற்ற வேண்டும். அதற்கு ராக்கெட்டைத் தெற்கே ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே கோடு போட்டால் இலங்கை குறுக்கே வருகிறது. எரிந்து முடிந்த அடுக்குகள் மக்கள் தலையில் விழக்கூடாது, ஆகவே ராக்கெட் கிழக்கே போய்ப் பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பிஎஸ்எல்வி ராக்கெட் பெரியது, தாங்கும். 500 கிலோ சுமக்கும் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி அந்த வளைவிலேயே தன் வலுவைத் தொலைத்துவிடும். குலசையிலிருந்து தெற்கே ஏவினால் நெடுந்தூரம் வெறும் கடல்.

2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டி வரும் பிள்ளைகள் நாளைக்கு அங்கேயே பொறியாளராக நுழைய வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கவலையும் உண்டு. ஏவும் நாளில் கடலில் ஒரு பெரும் பரப்பைக் காலி செய்யச் சொல்வார்கள். நாட்டுப்படகுக்காரருக்கு ஒரு நாள் தொழில் என்பது ஒரு நாள் சோறு. அந்த நாளுக்கு என்ன இழப்பீடு, யார் எப்போது கொடுப்பார்கள் என்பது முதல் ராக்கெட் கிளம்புமுன் எழுத்தில் இருக்க வேண்டும்.

சுனிதா வில்லியம்ஸ் விண்வெளியில் சிக்கிக்கொண்டாரா?

எட்டு நாள் போல என்று 2024 ஜூன் 5-ல் கிளம்பியவர் 286 நாள் இருந்துவிட்டு 2025 மார்ச்சில் திரும்பினார். போன ஸ்டார்லைனர் கலத்தில் ஹீலியம் கசிவு, உந்துகருவிகளில் கோளாறு. அதில் ஆளை ஏற்றாமல் செப்டம்பரில் வெறுமனே இறக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் வந்த டிராகன் கலத்தில் அவருக்கும் உடன் போன வில்மோருக்கும் இரண்டு இருக்கை காலியாக வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முறையான வேலைக்குழு. ஆக, காத்திருந்தார்கள் என்பது சரி, தவித்தார்கள் என்பது தலைப்புக்காக. ஆள் இல்லாமல் இறக்கு என்று சொன்ன அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்த கொலம்பியா விண்கலத்தை மறக்காதவர்கள் எடுத்த முடிவு அது.

ராக்கெட் தோற்றால் ஏன் யாரும் பேசுவதில்லை?

2025 மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் அடுக்கில் அழுத்தம் குறைந்து, பூமியைக் கவனிக்க வேண்டிய இஓஎஸ்-09 செயற்கைக்கோள் போனது. பிஎஸ்எல்வி நம் மிக நம்பகமான ராக்கெட் என்று பெயர் பெற்றிருந்ததால் மனசு வலித்தது. இந்த ஒன்றில் இஸ்ரோ மீது எனக்குக் குறை உண்டு. வெற்றியை நேரலையில் காட்டுகிறார்கள். தோல்விக்கான ஆய்வறிக்கை முழுமையாகப் பொதுவெளிக்கு வருவது அரிது, சந்திரயான்-2-க்கே வரவில்லை. மேலே நான் சொன்ன ஐந்து எஞ்சின் விவரம் தலைவர் பேட்டிகளில் சொல்லித்தான் தெரிந்தது. அதை வைத்தே ஒரு வகுப்பு எடுக்க முடிகிறதென்றால், முழு அறிக்கை கிடைத்தால் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு கற்பார்கள்!

இஸ்ரோவுக்குப் போக ஐஐடியில்தான் படிக்க வேண்டுமா, சார்?

இல்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கினார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான குமரி மாவட்டத்துக்காரர் நாராயணனும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர். மூவரும் பிறகு மேலே மேலே படித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் போகிற பிள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டும் பெற்றோர் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

தொலைநோக்கி இல்லாமல் நாங்கள் ஏதாவது பார்க்க முடியுமா?

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்கலாம். 400 கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அது உங்கள் ஊருக்கு மேல் வரும் நேரத்தை நாசாவே சொல்கிறது. சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளோ, விடிவதற்கு முன்போ பார்க்க வேண்டும், அப்போதுதான் கீழே இருட்டும் மேலே அதன் மீது வெயிலும் இருக்கும். மினுக்காமல், சத்தமில்லாமல், விமானத்தைவிட வேகமாக ஒரு வெள்ளைப் புள்ளி போகும். அதிகம் போனால் ஆறு நிமிடம்.

எங்கள் பள்ளி மொட்டை மாடியில் போன தடவை முப்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். தென்மேற்கில் எழுந்து, தலைக்கு மேல் வந்து, வடகிழக்கில் பாதி தூரம் இறங்கும்போது புள்ளி அப்படியே அணைந்துபோனது. 'எங்கே சார் போச்சு?' என்று ஒரே குரல். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்றேன். கடைசி வரிசையில் நின்ற பையன், 'அப்படின்னா இப்ப நாம பார்த்தது நம்ம நிழலோட ஓரமா?' என்று கேட்டான். ஆமாம்.